தாத்தா பெயரில் ஒரு பீர்

இலை நிறம் மாறுகிற சீசனைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அது பொய் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் வெர்மான்ட் மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நான்கு நாள் ப்ளானில் மூன்று ப்ரூவரிகளும் இருந்தன. அது என் மனைவிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அமெரிக்கா வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் பீர் குடிப்பேன் என்பதே அம்மாவுக்குத் தெரியாது.

காரணம் என் மாமா. எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். குடியிலேயே போய்ச் சேர்ந்தார், அப்போது அவருக்கு 41 வயது. அந்த வாடை வந்தாலே அம்மா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

வெர்மான்டின் வடகிழக்கு மூலையை 'நார்த்ஈஸ்ட் கிங்டம்' என்கிறார்கள். ஏரி, மாட்டுப் பண்ணை, மேப்பிள் மரம், மலை சைக்கிள் பாதைகள். சாலையோர விளம்பரப் பலகைகளை இந்த மாநிலம் 1968-லேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. அதனால் எந்த ப்ரூவரியும் கண்ணில் படாது, தேடித்தான் போகவேண்டும். காலையில் கிரீன்ஸ்பரோவில் காஸ்பியன் ஏரியில் படகு விட்டோம். மதியம் மண் ரோட்டில் ஏறினோம். போனில் சிக்னல் போய்விட்டது. "எங்கடா போறோம், காட்டுக்குள்ளயா?" என்றார் அம்மா. அப்போதுதான் சொன்னேன். பதில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் போனது ஹில் ஃபார்ம்ஸ்டெட். ஷான் ஹில் என்பவர் 2010-ல் தன் குடும்பப் பண்ணை நிலத்திலேயே தொடங்கியது. பீர் ரசிகர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து இந்த மண் ரோட்டைத் தேடி வருகிறார்கள். குழந்தைகள் புல்லில் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, தள்ளாடவில்லை. நம் ஊர் டாஸ்மாக் கம்பி ஜன்னலை மட்டுமே பார்த்த கண்ணுக்கு இது மதுக்கடை என்றே தோன்றாது.

பலகையில் எட்வர்ட், அப்னர், அன்னா என்று பெயர்கள். மகள் படித்துக் காட்டினாள். "இதெல்லாம் யாரு?" என்று அம்மா கேட்டார், காரில் மௌனமானதற்குப் பிறகு முதல் வார்த்தை. எட்வர்ட் அவருடைய தாத்தா, அப்னர் கொள்ளுத்தாத்தா, இந்த நிலத்தில் உழைத்தவர்கள் என்றேன். "தாத்தா பேரையா பீருக்கு வெச்சிருக்கான்?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியவில்லை. நம் வீடுகளில் குடித்த தாத்தாவின் பெயரைச் சொல்லவே தயங்குவோம். இங்கே ஒரு பேரன் பாட்டிலில் ஒட்டி வைத்திருக்கிறான்.

எட்வர்ட் 5.2 சதவீதம்தான். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மாதிரி வாசம். பழம் எதுவும் போடுவதில்லை, எல்லாம் ஹாப்ஸ் பூவின் வேலை. பார்லியை முளைகட்டிக் காயவைத்து, வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுத்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். "கேழ்வரகு முளைகட்டுற மாதிரிதானே," என்றார் அம்மா. அந்த மாதிரிதான். சாறு எடுத்த சக்கையை இந்தப் பக்கத்துப் ப்ரூவரிகள் பலவும் மாட்டுக்குக் கொடுத்துவிடுகின்றன. அது அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஸ்டோவ். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துக்குக் காரணமான வான் ட்ராப் குடும்பத்தின் விடுதியும் அவர்களுடைய லாகர் பீரும் அங்கேதான். ஆல்கெமிஸ்ட் ப்ரூவரியும் அங்கே உண்டு. அதன் பழைய கடை வாட்டர்பரி ஊரில் இருந்தது. 2011 ஆகஸ்ட் 28-ல் ஐரீன் புயல் வெள்ளம் அதை அழித்துவிட்டது. இரண்டே நாளில், ஊரில் வேறிடத்தில் தயாராக இருந்த புது ஆலையில் 'ஹெடி டாப்பர்' முதல் கேன்கள் நிரம்பின. இன்று அமெரிக்கா முழுக்க எல்லோரும் போடும் கலங்கலான ஐபிஏ பீருக்கு அதுதான் ஒரு முன்னோடி. 8 சதவீதம், ஜாக்கிரதை.

ஜாக்கிரதை என்றதும் ஒரு விஷயம். எச்1பி-யில் இருப்பவர்கள் கவனிக்கவும். 2015 முதல், குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே போதும், வழக்கு முடியும் முன்பே பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம். நான்கு நாளும் கார் ஓட்டியது என் மனைவிதான். அவளுக்குப் பீர் கசப்பு, ஆப்பிள் சைடரோடு சரி.

வெர்மான்டிலும் இதெல்லாம் தானாக வரவில்லை. கடையிலேயே காய்ச்சி விற்கச் சட்டம் இடம் கொடுக்காத காலத்தில், கிரெக் நூனன் என்பவர் சட்டசபையோடு மல்லுக்கட்டி 1988-ல் பர்லிங்டனில் முதல் கடையைத் திறந்தார். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை 1987-லிருந்து இருக்கிறது. பனையேறியின் பேரனுக்குத் தாத்தா பெயரில் எதுவும் விற்க முடியாது, அரசு கடையில் குவார்ட்டர் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. கள்ளைத் திறந்துவிட்டால் குடி குறையும் என்று வாதாடவும் எனக்குத் தைரியம் இல்லை.

இதையெல்லாம் அன்று ராத்திரி வாடகை வீட்டுத் திண்ணையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கும் இப்படி ஒரு இடம், இப்படி நாலு மனுஷங்க இருந்திருந்தா, என்று ஆரம்பித்தேன்.

"அப்பவும் குடிச்சிருப்பான்," என்றார் அம்மா. "நீ எத்தனை குடிக்கிற? அதைச் சொல்லு."

வாரத்துக்கு ரெண்டு, என்றேன். சில வாரம் மூணு.

ஊர் திரும்பியதும் மீதி நான்கு கேன்களை ஃப்ரிட்ஜில் வைத்தேன். அடுத்த நாள் காலை அவை மேல் தட்டில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் இருந்தன. "குழந்தை கைக்கு எட்டுற இடத்துல வெச்சிருக்கியே," என்றார் அம்மா. கடக்கும்போது எண்ணியும் பார்க்கிறார் என்று மனைவி சொல்கிறாள்.