உங்களுக்குத் தெரியுமா? பீத்தோவனை வாட்டிய காதிரைச்சல்

● இசைமேதை பீத்தோவனுக்கு முப்பது வயதாகும் முன்பே காது மந்தமாகத் தொடங்கிவிட்டது.

● இரவு பகலாகக் காதுக்குள் இரைச்சல் கேட்பதாக 1801இல் மருத்துவ நண்பருக்கு எழுதினார். காது கேளாததைச் சொல்லக் கூசி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக மனிதர்கள் கூடும் இடங்களையே தவிர்த்து வந்தாராம்.

● 1818 முதல், அவரிடம் பேச வந்தவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் வாயால் பதில் சொன்னார்.

● வெளியே சத்தமில்லாமலே காதுக்குள் கேட்கும் இந்த இரைச்சலின் பெயர் டின்னிட்டஸ். பெரும்பாலும் செவித்திறன் குறையும்போது கூடவே வரும். தூக்கமும் கவனமும் கெடும், மனச்சோர்வும் வரலாம். செவித்திறன் குறைந்த பலருக்குக் காது கேட்கும் கருவி இந்தத் தொல்லையையும் குறைக்கிறது.

● ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தாலோ, திடீரென்று காது கேட்காமல் போனாலோ, தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.