சாக்லேட் உருண்டை செய்வோம்

சாக்லேட் எதிலிருந்து கிடைக்கிறது? ஒரு மரத்தின் காயிலிருந்து. அந்த மரத்தின் பெயர் கோகோ.

கோகோ மரம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இப்போது நம் நாட்டிலும் வளர்கிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பயிரிடுகிறார்கள். தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராக வளர்க்கிறார்கள்.

கோகோ காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை இருக்கும். சதைக்குள் விதைகள் இருக்கும். விதைகளைச் சில நாள் புளிக்க வைப்பார்கள். பிறகு வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்த விதையை வறுத்து, தோலை நீக்கி, அரைப்பார்கள். அரைத்த விழுதில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. அதற்குக் கோகோ வெண்ணெய் என்று பெயர். கொழுப்பைப் பிழிந்து எடுத்தபின் மிஞ்சுவது கோகோ பொடி. விழுதுடன் சர்க்கரையும் கோகோ வெண்ணெயும் சேர்த்தால் சாக்லேட்.

பாக்கு விவசாயிகளுக்காக 1973இல் மங்களூரில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் கேம்ப்கோ. 1986இல் அந்தச் சங்கம் கர்நாடகத்தில் புத்தூர் என்ற ஊரில் சாக்லேட் தொழிற்சாலையைத் தொடங்கியது. விளைபொருளை அப்படியே விற்காமல் பண்டமாக்கி விற்றால் மதிப்பு கூடும். இதுதான் அதன் அடிப்படை.

தொழிற்சாலை இல்லாமல் நம் வீட்டிலும் ஒரு சாக்லேட் பண்டம் செய்யலாம். அதன் பெயர் டிரஃபிள். நாம் சாக்லேட் உருண்டை என்று சொல்வோம். பிரான்ஸ் நாட்டில் மண்ணுக்கு அடியில் டிரஃபிள் என்ற ஒரு வகைக் காளான் விளைகிறது. கோகோ பொடியில் புரட்டிய உருண்டை பார்க்க அந்தக் காளானைப் போல இருக்கும். அதனால் இந்தப் பெயர் வந்தது.

இதற்கு அடுப்பு வேலை ஐந்து நிமிடம்தான். ஆனால் அளவு தெரிய வேண்டும். பொட்டலத்தைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். விற்பதென்றால் கணக்கும் தெரிய வேண்டும்.

பொட்டலத்தைப் பாருங்கள்

கடையில் இரண்டு வகைக் கட்டிகள் கிடைக்கும். ஒன்று உண்மையான சாக்லேட். இதில் கோகோ வெண்ணெய் இருக்கும். மற்றொன்று காம்பவுண்டு. இதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். காம்பவுண்டின் விலை குறைவு. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். சாக்லேட் நாக்கில் பட்டதும் கரையும். காம்பவுண்டு சற்று மெழுகு போல ஒட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பொட்டலத்தின் பின்பக்கம் கலந்துள்ள பொருள்களின் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் இருக்கும். தாவரக் கொழுப்பு முதல் வரியிலேயே வந்தால் அது காம்பவுண்டு. பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எடை, விலை, தேதி ஆகியவை எண்களில் இருக்கும். அவற்றை நீங்களே படிக்கலாம்.

தேவையான பொருள்கள்

இனிப்புக் குறைந்த கருப்பு சாக்லேட் – 200 கிராம்
கிரீம் (கடையில் அட்டைப் பெட்டியில் கிடைப்பது) – 100 மில்லி
உப்பில்லாத வெண்ணெய் – 10 கிராம்
கோகோ பொடி – 20 கிராம்

இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம். இந்த அளவை நினைவில் வையுங்கள். கிரீம் கூடினால் உருண்டை பிடிக்க வராது. குறைந்தால் உருண்டை கல் போல ஆகிவிடும்.

செய்முறை

1. கைகளை நன்றாகக் கழுவித் துடையுங்கள். பாத்திரம், கத்தி, கரண்டி எல்லாவற்றையும் ஈரம் இல்லாமல் துடையுங்கள்.

2. சாக்லேட்டைப் பொடிப் பொடியாக நறுக்கி ஒரு பாத்திரத்தில் போடுங்கள்.

3. கிரீமை வேறொரு பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் சிறு குமிழ்கள் வந்ததும் இறக்குங்கள். பொங்க விடாதீர்கள்.

4. சூடான கிரீமைச் சாக்லேட்டின் மேல் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். கிரீமின் சூட்டில் சாக்லேட் உருகும்.

5. இப்போது நடுவிலிருந்து தொடங்கி மெதுவாகக் கலக்குங்கள். வெண்ணெயையும் சேருங்கள். கலவை பளபளவென்று ஆகும். எங்காவது கட்டி இருந்தால் பாத்திரத்தை வெந்நீரின் மேல் சிறிது நேரம் வைத்துக் கலக்குங்கள்.

6. ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் கெட்டியாகும்.

7. சிறு கரண்டியால் எடுத்து நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். உள்ளங்கைச் சூட்டில் ஒட்டினால் கைகளைக் குளிர்ந்த நீரில் நனைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு உருட்டுங்கள்.

8. உருண்டைகளைக் கோகோ பொடியில் புரட்டி எடுங்கள். ஒவ்வொன்றும் 12 கிராம் என்றால் சுமார் 25 உருண்டைகள் வரும்.

தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்து, அதிலும் புரட்டலாம். பொடித்த முந்திரியிலும் புரட்டலாம்.

ஏன் இப்படி?

தண்ணீர் ஏன் படக் கூடாது? மாவில் துளி நீர் தெளித்தால் என்ன ஆகும்? கட்டி கட்டியாகத் திரளும். நிறைய நீர் ஊற்றினால்தான் கரையும். உருகிய சாக்லேட்டும் அப்படித்தான். ஒரு சொட்டு நீர் பட்டாலும் சர்க்கரையும் கோகோவும் திரண்டுவிடும். கிரீமில் நீர் போதுமான அளவு இருப்பதால் கலவை திரள்வதில்லை.

சாக்லேட் ஏன் வாயில் கரைகிறது? கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி வெப்பத்தில் உருகும். நம் உடலின் வெப்பம் 37 டிகிரி. அதனால் வாயில் போட்டதும் கரைகிறது. கோடையில் நம் நாட்டின் பல ஊர்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது வெளியில் வைத்த சாக்லேட்டும் உருகும். ஊட்டி, குடகு போன்ற குளிர்ந்த மலைப் பகுதிகளில் வீட்டுச் சாக்லேட் விற்பனை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலவையில் எண்ணெய் பிரிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலை ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

வெறும் சாக்லேட் பல மாதம் கெடாது. ஆனால் நம் உருண்டையில் கிரீம் இருக்கிறது. கிரீம் பால் பொருள். வெளியில் வைத்தால் கெட்டுப்போகும். மூடி போட்ட டப்பாவில், குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். டப்பாவின் மேல் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள். புளித்த வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.

குளிர்பெட்டி இல்லாதவர்கள் இதைச் செய்து விற்க வேண்டாம். மின்சாரம் அடிக்கடி நீண்ட நேரம் நிற்கும் ஊரிலும் விற்க வேண்டாம். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் அந்தப் பழி நம்மைச் சேரும்.

விற்பதற்குக் கணக்கு

மகளிர் குழு ஒன்று 25 உருண்டைகள் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்வது. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

சாக்லேட் – 160 ரூபாய்
கிரீம் – 40 ரூபாய்
வெண்ணெய் – 8 ரூபாய்
கோகோ பொடி – 22 ரூபாய்
எரிவாயு, காகிதக் கிண்ணம் – 30 ரூபாய்
இரண்டு மணி நேர உழைப்பு – 120 ரூபாய்
மொத்தம் – 380 ரூபாய்

380ஐ 25ஆல் வகுத்தால் 15 ரூபாய் 20 காசு. இதுதான் ஓர் உருண்டையின் அடக்க விலை. 18 ரூபாய்க்கு விற்றால் 450 ரூபாய் வரும். லாபம் 70 ரூபாய்.

சிலர் உழைப்பைக் கணக்கில் எழுதுவதில்லை. பொருளுக்கு 260 ரூபாய்தானே என்று ஓர் உருண்டையை 12 ரூபாய்க்கு விற்பார்கள். 300 ரூபாய் வரும். 40 ரூபாய் லாபம் என்று மகிழ்வார்கள். உண்மையில் அது லாபம் இல்லை. 120 ரூபாய் உழைப்புக்கு 40 ரூபாய்தான் கூலி கிடைத்திருக்கிறது. வீட்டில் இருந்து செய்தாலும் உழைப்பு உழைப்புதான். அதற்கும் விலை உண்டு.

பொருளின் விலையும் ஒரே நிலையில் இருக்காது. 2024இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கோகோ விளைச்சல் குறைந்தது. உலகச் சந்தையில் ஒரு டன் கோகோவின் விலை 10,000 டாலரைத் தாண்டியது. சாக்லேட் விலையும் ஏறியது. பிறகு கோகோ விலை இறங்கியது. அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

விற்பவர் செய்ய வேண்டியவை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006இல் வந்தது. சிறிய அளவில் உணவுப் பண்டம் செய்து விற்பவரும் இதன்படி பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் 14 இலக்க எண் தருவார்கள். அதைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும்.

என்னென்ன கலந்தீர்கள், எப்போது செய்தீர்கள், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். முந்திரி போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். சிலருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. காம்பவுண்டில் செய்திருந்தால் காம்பவுண்டு என்றே சொல்லி விற்கவும். வாங்கும்போது நாம் ஏமாறக் கூடாது. விற்கும்போது பிறரை ஏமாற்றவும் கூடாது.

முதலில் வீட்டுக்குச் செய்து பாருங்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். கை பழகிய பிறகு விற்பனையைப் பற்றி யோசியுங்கள்.

கணக்குப் போடுங்கள்

1. சாக்லேட் விலை 160 ரூபாயிலிருந்து 240 ரூபாயாக ஏறுகிறது. மற்றவை மாறவில்லை. ஓர் உருண்டையின் அடக்க விலை என்ன?

2. அப்போதும் 18 ரூபாய்க்கே விற்றால் லாபமா, நட்டமா? எவ்வளவு?

3. 50 உருண்டைகள் செய்ய எத்தனை கிராம் சாக்லேட், எத்தனை மில்லி கிரீம் வேண்டும்?

விடை: 1. 18 ரூபாய் 40 காசு. 2. 25 உருண்டைக்கு 10 ரூபாய் நட்டம். 3. 400 கிராம் சாக்லேட், 200 மில்லி கிரீம்.