சுரங்கத்தில் ஒரு மின்பொறி

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் டோட்டல் ஸ்டேஷன் போன்ற அளவைக் கருவியை இயக்க ஏன் இத்தனை கெடுபிடி?

சுரங்கக் காற்றில் மீத்தேன் வாயு 5 முதல் 15 சதவீதம்வரை கலந்திருந்தால் வெடிக்கும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். கம்பளி உரசித் தெறிக்கும் பொறியே போதும். பேட்டரியைக் கழற்றும் நொடியில் அதன் முனையில் அப்படியொரு பொறி கிளம்பலாம். ஆற்றலையே கட்டுப்படுத்தி, பொறி தெறித்தாலும் வாயு பற்றாதபடி செய்த கருவிகள் உண்டு. ஆனால் துல்லியமான டோட்டல் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் அந்த வகை அல்ல.

அதனால் அமெரிக்காவில் சுரங்க நிறுவனங்கள் அவற்றை உள்ளே இயக்க அரசிடம் தனி விலக்குக் கேட்டு வாங்குகின்றன. நிபந்தனைகள் கறாரானவை: மீத்தேன் 1 சதவீதத்தைத் தொட்டால் கருவியை உடனே அணைத்து வெளியே கொண்டுபோக வேண்டும், பேட்டரியைத் தூய காற்று வரும் பகுதியில்தான் மாற்ற வேண்டும்.

இதில் ஒரு வம்பு. நில அளவையாளரின் குறிகள் கூரையில்தான் அடிக்கப்பட்டிருக்கும்; தூக்குக்குண்டு தொங்குவதும் அங்கிருந்துதான். காற்றைவிட லேசான மீத்தேன் ஒதுங்குவதும் அதே கூரையடியில். வாயுமானியை இடுப்பில் மாட்டிக்கொண்டால் ஆகாது, கோலில் கட்டிக் கூரைவரை உயர்த்திப் பார்க்க வேண்டும்.