உஷார்! ஆள் வராமல் அரெஸ்ட் இல்லை

கரமனை, வலியசாலை அக்கிரகாரத்து மாமா மாமிகளே, கவடியார், பேட்டைப் பக்கம் ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் பென்ஷன்காரர்களே! வாட்ஸாப் வீடியோ காலில் காக்கிச் சட்டைக்காரன் ஒருத்தன் வந்து, "யூ ஆர் அண்டர் டிஜிட்டல் அரெஸ்ட்" என்றால் முதலில் போனை வையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

திருவனந்தபுரம் இந்த மோசடிக்காரர்களுக்குத் தோதான ஊர். செக்ரட்டேரியட்டிலும் வி.எஸ்.எஸ்.சி.யிலும் உழைத்து ரிட்டயர் ஆனவர்கள் நிறைய. பிள்ளைகள் துபாயிலோ அமெரிக்காவிலோ. இங்கிலீஷ் தெரியாதவர் என்ன சொல்கிறான் என்று புரியாமலே போனை வைத்துவிடுவார். நாற்பது வருஷம் ஃபைல் பார்த்தவருக்கோ அசோகச் சின்னமும் சீலும் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும். மாட்டுவது அவர்தான்.

'உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைமருந்து', 'உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் பணமோசடி' என்று ஆரம்பிப்பான். அப்புறம் கேமராவை அணைக்கக்கூடாது, அறையை விட்டு நகரக்கூடாது, அடுத்த அறையில் இருக்கும் மனைவியிடம்கூட மூச்சு விடக்கூடாது.

சரி, அரெஸ்ட் என்றால் என்ன? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆவது பிரிவு பச்சையாகவே சொல்கிறது: கைது செய்பவர் அந்த ஆளின் உடலைத் தொட வேண்டும், அல்லது பிடித்து வைக்க வேண்டும், சொல்லாலோ செயலாலோ அவரே கட்டுப்பட்டால் மட்டும் அது தேவையில்லை. 2024 ஜூலை 1-இல் வந்த புதுச் சட்டத்தில் முளைத்த விதி என்று நினைக்காதீர்கள். 1898, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் இரண்டிலும் 46-ஆவது பிரிவாக இருந்ததுதான் இது. 'அவரே கட்டுப்பட்டால்' என்ற அந்தக் கடைசி வரியைத்தான் கவனிக்கணும். நேரில் நிற்கும் போலீஸ்காரரிடம் கட்டுப்படுவதற்கான வரி அது. இந்தத் திருடனோ உங்கள் கட்டுப்பாடு ஒன்றை மட்டுமே நம்பித் தொழில் நடத்துகிறான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார்.

நிஜக் கைதென்றால் மெமோ உண்டு. குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போடணும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தணும்.

அடுத்த வலை 'வெரிஃபை'. "பணத்தை ஆர்.பி.ஐ. கணக்குக்கு அனுப்புங்கள், வெரிஃபை பண்ணித் திருப்பித் தருகிறோம்" என்பான். எந்த ஏஜென்ஸியும் உங்கள் பணத்தை வாங்கிச் சரிபார்ப்பதில்லை. அவன் திருப்பித் தரவே மாட்டான்.

'மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்' படத்துக்கு இசையமைத்த ஜெர்ரி அமல்தேவே 2024-இல் கொச்சியில் இந்த வலையில் சிக்கி, பணம் அனுப்ப வங்கி வரைக்கும் போய்விட்டார். மேலாளர் சந்தேகப்பட்டுத் தடுத்ததால் தப்பினார். அதே வருஷம் திருச்சூரில் ஒருத்தன் மும்பை போலீஸ் வேஷத்தில் சைபர் செல்லுக்கே போன் போட்டான். "கேமரா சரியில்லை சார்" என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த அதிகாரி சட்டென்று முகத்தைக் காட்ட, அசடு வழிந்தான். திருச்சூர் போலீஸ் அந்த வீடியோவையே வெளியிட்டது.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணம் போன கணக்கை முடக்க வழியுண்டு. பக்கத்து வீட்டு மாமா பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாக இருந்தால் தயங்காமல் காலிங்பெல்லை அடியுங்கள்.