யோர்க் வீதியில் ஒரு பழைய விடுதி

வன்னியிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் உறவினர் வீட்டையோ, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளிலுள்ள லொட்ஜுகளையோ நாடுவதே வழக்கம். கடவுச்சீட்டு அலுவல், வைத்தியசாலை, வெளிநாடு செல்லும் பிள்ளையை வழியனுப்புதல் என்று வந்த காரியம் முடிந்தால் அன்றிரவே ஊருக்குப் புறப்பட்டுவிடுவர். கொழும்பைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் செல்வதுண்டோ என்று உடையார்கட்டில் கேட்டால் நகைப்பார்கள். ஆயினும் பாடசாலை விடுமுறையில் அத்தகையதொரு பிரயாணத்தை நாம் மேற்கொண்டோம். தங்கியதும் லொட்ஜில் அன்று. கோட்டைப் பகுதியில், யோர்க் வீதியிலுள்ள கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் இரண்டு இரவுகள் தங்கினோம்.

கிளிநொச்சி வரை பஸ், அப்பால் புகையிரதம். 1990 முதல் 2013 செப்டெம்பர் வரை கிளிநொச்சிக்குப் புகையிரதமே வரவில்லை என்பதை உடன் வந்த சிறுவர்கள் பழங்கதை கேட்பதுபோற் கேட்டனர்.

கோட்டை என்று பெயரே தவிர, அங்கே மதில்களைக் காண இயலாது. போர்த்துக்கேயர் தொடங்கி, 1656இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்து, 1796இல் ஆங்கிலேயர் வசமான அக்கோட்டையின் மதில்கள் 1869ஆம் ஆண்டையொட்டி இடிக்கப்பட்டன. எஞ்சியது வீதிகளும் சில கட்டிடங்களுமே. நாம் தங்கிய விடுதியும் முதலில் விடுதியன்று; 1837இல் ஆங்கிலேயப் படையினருக்கெனக் கட்டப்பட்ட பாசறை. சுவர்களின் கனத்தைப் பார்த்தால் இன்றும் அதனை ஊகிக்கலாம். அதனைத் திருத்தி 1875 நவம்பரில் விடுதியாகத் திறந்தனர்.

படையினர் உறைந்த இடத்திற் பிரயாணிகளைக் குடியேற்றுவானேன்? 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்கும் கீழைத்தேயங்களுக்கும் இடையிலான கப்பல்கள் பெருகின. அதுவரை இலங்கைக்கு வரும் பெருங்கப்பல்கள் காலித் துறைமுகத்திலேயே தங்கின. அங்கோ பாறைகள் மிகுதி, கப்பல்களுக்கு ஆபத்து. கொழும்பிற் பாறைகள் இல்லை, ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்க எதுவுமில்லை. ஆகவே அலைதடுப்பு அணை ஒன்றைக் கட்ட முடிவாயிற்று. அதற்கான முதற் கல்லை வேல்ஸ் இளவரசர், விடுதி திறந்த மறுமாதமே, 1875 டிசெம்பரில் நாட்டினார். பத்தாண்டுகளில் அணை முற்றுப்பெற, கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்கு வந்தன. கரையில் இறங்கியவுடன் எதிர்ப்படுவது இந்த விடுதியே! இடையிற் சில பத்தாண்டுகள் இது தப்ரபேன் ஹோட்டல் என்ற பெயருடன் விளங்கியது. இப்போது பழைய பெயரே நிலைத்துள்ளது.

அவ்வாறு இறங்கியவர்களுள் ஒருவர் ருஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ். சகலின் தீவிலிருந்த கைதிகளின் வாழ்வை நேரிற் கண்டறிந்து, கடல்வழியே திரும்பும்போது, 1890 நவம்பரில் இங்கே தங்கினார். நரகத்திலிருந்து வந்தவருக்கு இலங்கை சுவர்க்கமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கப்பலில் நோயுற்று இறந்து கடலுக்குள் இறக்கப்படும் ஒரு போர்வீரனைப் பற்றிய ‘கூசெவ்’ என்னும் கதையைக் கொழும்பில் இருந்தபோதே அவர் எழுதத் தொடங்கினார். மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டிய கதை அது. இங்கிருந்து அவர் கீரிகளையும் வாங்கிச் சென்றார். அவற்றுள் ஒன்று கீரியன்று, மரநாய் என்பது பின்னரே தெரியவந்ததாம். எம்மூர்ச் சிறுவன் ஒருவனைக் கேட்டிருந்தால் காசு மிஞ்சியிருக்கும்!

வரவேற்பு மேசையிற் பதிவேட்டை நீட்டியபோது நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். ‘உடையார்கட்டு, முல்லைத்தீவு மாவட்டம்’ என்று முகவரியை எழுதுகையில் எமது கை சற்றே தயங்கிற்று. காரணம் முதியோருக்குத் தெரியும், இளையோர் அறியவேண்டும். போர்க்காலத்தில் வடக்கு முகவரியுடன் கொழும்பிற் தங்குவோர் பொலிஸாரிடம் பதியவேண்டும். எந்நேரமும் சோதனை வரும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜுகளில் தங்கியிருந்த 370இற்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். எங்கே தங்குகிறாய் என்ற கேள்வியே அச்சமூட்டிய காலம் அது. அச்சம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாயிருக்கவுமில்லை. விடுதியிலிருந்து நடக்கும் தூரத்தில், 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியிற் குண்டு வெடித்துத் தொண்ணூறு பேரளவில் மாண்டனர்.

மேசையிலிருந்த இளைஞர் நாம் எழுதியதைப் பார்த்தார், சாவியைத் தந்தார், காலை உணவு எத்தனை மணிக்கு என்று சொன்னார். அவ்வளவே. அந்த ‘அவ்வளவே’ எமக்குப் பெரிதாயிருந்தது.

மேல்மாடி உணவுச்சாலையிலிருந்து துறைமுகம் முழுவதும் தெரிகின்றது. பாரந்தூக்கிகளின் வெளிச்சத்தில் இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. அங்கே தேனீர் அருந்துகையில் ஆனையிறவு நினைவுக்கு வந்தது. அங்கே ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டையும் பிற்காலத்தில் வாடிவீடாக மாற்றப்பட்டிருந்தது. உப்பங்காற்றில் இளைப்பாறிய பிரயாணிகள் பலர். போரில் அது அழிந்தது. படையினருக்காகக் கட்டப்பட்டுப் பிரயாணிகளுக்கென ஆன கட்டிடங்கள் இரண்டில், ஒன்றைக் காணவே இத்தனை தூரம் வரவேண்டியிருந்தது. உடையார்கட்டிலோ 2009இற்கு முற்பட்ட வீடொன்று கூரையோடு நிற்பதே அருமை. 1837ஆம் ஆண்டுச் சுவரைச் சிறுவர்கள் தடவித் தடவிப் பார்த்ததன் பொருளை நாம் அறிவோம்.

பிள்ளைகளோடு செல்வோர் அயலில் இரண்டு இடங்களைத் தவறவிடலாகாது. ஒன்று, விடுதியை அடுத்துள்ள புனித பேதுரு தேவாலயம். ஒல்லாந்தத் தேசாதிபதியின் மாளிகையாயிருந்து, 1804 முதல் வழிபாட்டிடமானது. மற்றையது 1857இற் கட்டப்பட்ட மணிக்கூண்டு. அதை வரைந்தவர் தேசாதிபதி வார்டின் மனைவி எமிலி. அதுவே கலங்கரை விளக்காகவும் 1952 வரை கப்பல்களுக்கு வழி காட்டியது. வீதி நடுவே கலங்கரை விளக்கு எப்படி வந்தது என்று சிறுவர்கள் கேட்டே தீர்வர். சுற்றிலும் உயர்ந்த கட்டிடங்கள் எழுந்து ஒளியை மறைத்தமையாற்றான் கடற்கரையில் வேறொன்று கட்டநேர்ந்தது.

வாடகை லொட்ஜைவிடக் கூடுதல். கடற்கரை ஆடம்பர விடுதிகளைவிடக் குறைவு. அலுவலகங்கள் மூடியபின் கோட்டை வீதிகள் வெறிச்சோடிவிடுவதால், இராச் சாப்பாட்டை வெளியில் உண்ண நினைப்போர் பொழுது சாயுமுன் புறக்கோட்டைப் பக்கம் சென்று வருவது நன்று.