ஓர் அம்பு தவறியது!

சுவரில் ஒரு வட்டப் பலகை. எதிரே ஓர் ஆள். அவர் கையில் மூன்று சிறு அம்புகள்.

இவ்வளவுதான் "டார்ட்ஸ்" ஆட்டம். இங்கிலாந்தில் மதுக்கடைகளில் பொழுதுபோக்காக ஆடுவார்கள். இதற்கும் ஓர் உலகப் பட்டப் போட்டி உண்டு!

லண்டனில் ஒரு குன்றின்மேல் "அலெக்சாண்டிரா அரண்மனை" என்ற பெரிய மண்டபம் இருக்கிறது. (பெயர்தான் அரண்மனை. ராஜா ராணி யாரும் அங்கே குடியிருந்தது இல்லை.) டிசம்பரில் அங்கே போட்டி தொடங்கும். புத்தாண்டு பிறந்த சில நாளில் முடியும்.

பார்க்க வருகிறவர்கள் மாறுவேடம் போட்டுக்கொண்டு வருவார்கள். பாடுவார்கள், கூச்சல் போடுவார்கள். அந்த இரைச்சலில் நின்றுதான் குறி பார்க்க வேண்டும்.

கழித்தல் கணக்கு

பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். 7 அடி 9¼ அங்குல தூரத்தில் நின்று எறிய வேண்டும். பலகையில் 1 முதல் 20 வரை எண்கள். ஆனால் வரிசையாக இரா. 20-க்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. கை சற்றே பிசகினால் 20 போய் 1 தான் மிஞ்சும்!

ஆளுக்கு 501 புள்ளி. அம்பு குத்தும் எண்ணை அதில் கழித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் பூஜ்யத்துக்கு வருகிறவருக்கு வெற்றி.

ஆனால் கடைசி அம்பு, ஓரத்திலுள்ள இரட்டிப்பு வளையத்தில் குத்த வேண்டும். நட்ட நடுப்புள்ளியும் செல்லும். அந்த வளையத்தின் அகலம் 8 மில்லி மீட்டர். ஒரு பென்சில் பருமன்!

மூன்று ஆட்டம் வென்றால் ஒரு "செட்". இறுதிப் போட்டியில் முதலில் 7 செட் எடுப்பவரே சாம்பியன்.

16 வயதுச் சிறுவன்

வாரிங்டன் ஊர்ப் பையன் லூக் லிட்லர். ஒன்றரை வயதிலேயே விளையாட்டுக் காந்தப் பலகையில் எறியத் தொடங்கியவன். 2023 டிசம்பரில் முதல் முறையாக இந்தப் போட்டிக்கு வந்தான். ஐந்து முறை உலகப் பட்டம் பெற்ற ஹாலந்து வீரர் ரேமண்டு வான் பார்னவெல்டை 4—1 என்று தோற்கடித்தான். பையனுக்கு வயது 16. அவருக்கு 56!

2024 ஜனவரி 3-ந் தேதி இறுதிப் போட்டி. எதிரே லூக் ஹம்ப்ரிஸ், 28 வயது. முன்பு கூரை வேலை செய்து பிழைத்தவர். டெலிவிஷனில் ஒரு நேரத்தில் 37 லட்சம் பேர் பார்த்தார்கள்.

லிட்லர் 4 செட், ஹம்ப்ரிஸ் 2 செட். அடுத்த செட்டும் கைக்கு எட்டிவிட்டது. பாக்கி 4 புள்ளிதான். 2-ம் எண்ணின் இரட்டிப்பு வளையத்தில் ஓர் அம்பு குத்தினால் போதும்.

எறிந்தான். தவறியது!

அந்த செட் ஹம்ப்ரிசுக்குப் போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று. தொடர்ந்து 5 செட்! 7—4 என்று பட்டம் அவருக்கே. ஓர் அம்பினால் மட்டும் பையன் தோற்றான் என்று சொல்வது ஹம்ப்ரிசுக்குச் செய்யும் அநியாயம். அதன் பிறகு அவர் அப்படி ஆடினார்.

இரண்டாம் பரிசே 2 லட்சம் பவுன். நம் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல்.

வென்றவன் அழுதான்

2024 டிசம்பர். அதே மண்டபம். முதல் ஆட்டத்தில் லிட்லர் வென்றான். மேடையில் பேட்டி கேட்டார்கள். பேச முடியவில்லை. அழுதுகொண்டே போய்விட்டான். "இந்த முறை இவன்தான்" என்று ஊரே சொன்னால், 17 வயதுப் பிள்ளை அந்தப் பாரத்தை எங்கே இறக்கி வைக்கும்?

2025 ஜனவரி 3. எதிரே மூன்று முறை சாம்பியனான ஹாலந்து வீரர் மைக்கேல் வான் கெர்வன். 24 வயதில் பட்டம் வென்று, இந்தப் போட்டியின் மிக இளைய சாம்பியன் என்ற பெயரை வைத்திருந்தவரும் அவரே!

முதல் 4 செட்டும் லிட்லருக்கு. முடிவில் 7—3. பையனுக்கு 18 வயது நிறைய இன்னும் 18 நாள் இருந்தது.

இனி "அவன்" என்று எழுதுவது முறையல்ல. 2026 ஜனவரி 3-ந் தேதி லிட்லர் மறுபடியும் பட்டம் வென்றார். ஹாலந்து இளைஞர் கியான் வான் வீன் 7—1 என்று தோற்றார். இந்த முறை பரிசு 10 லட்சம் பவுன்.