எரிக்கப்பட்ட அன்பளிப்பு

நெசவாளர் சங்கத்தில் துணி கொள்முதல் நடைபெறும் நாளில் ஆய்வுக்குச் சென்றால், நாம் ஒரு காட்சியைத் தவறாமல் காண்கிறோம். இழை குறைந்த சேலை ஒதுக்கி வைக்கப்படுகிறது. நெய்தவர் முகம் சுருங்குகிறது. “தெரிந்தவர் என்றுகூடப் பார்க்கவில்லையே” என்ற முணுமுணுப்பு எழுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் வாஷிங்டன் நகரத்துச் செர்ரி மரங்களின் வரலாறு நம் நினைவுக்கு வரும். அங்கத்தினர் அதனை அறிந்துகொள்ளுதல் நலம்.

ஜப்பானியர் சகுரா என்று போற்றும் இம்மரம் பழத்திற்காக அன்று, பூவிற்காகவே வளர்க்கப்படுவது. வசந்தத்தில் சில நாட்களே நிற்கும் அப்பூவைக் காண மக்கள் மரத்தடிகளில் திரளுவர். அக்காட்சியில் மனத்தைப் பறிகொடுத்த எலிசா சிட்மோர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், பொட்டாமக் நதியோரத்தில் இம்மரங்களை நடவேண்டுமென்று 1885-இல் அதிகாரிகளிடம் கேட்டார். செவிசாய்ப்பார் இல்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1909-இல், ஜனாதிபதி டாஃப்டின் மனைவியார் ஹெலன் டாஃப்ட் அம்மையார் இக்கருத்தை ஏற்றார். நியூயார்க்கில் வாழ்ந்த ஜப்பானிய ரசாயன நிபுணர் ஜோகிச்சி டகமினே செய்தியறிந்து உதவ முன்வந்தார். மேயர் யூக்கியோ ஓசாகியின் இசைவுடன், டோக்கியோ நகரின் பெயரால் 2,000 மரங்கள் கப்பலேறின.

1910 ஜனவரியில் மரங்கள் வாஷிங்டனை அடைந்தன. விவசாய இலாகாவின் நிபுணர்கள் அவற்றைச் சோதித்தனர். கண்டதென்ன? பூச்சி, நூற்புழு, நோய்! அயல்நாட்டுச் செடிகளைத் தடுத்து நிறுத்தும் சட்டம்கூட அந்நாட்டில் அன்று இல்லை. அது 1912 ஆகஸ்டில்தான் பிறந்தது. வந்திருப்பதோ நட்புப் பரிசு. சோதித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் விழா இனிதே முடிந்திருக்கும். பூச்சி அண்டை அயல் தோட்டங்களுக்குப் பரவியிருக்கும். அவர்கள் கண்டதைக் கண்டவாறே எழுதினர். ஜனவரி 28-இல் ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். மரங்கள் தீக்கிரையாயின. அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஜப்பானியத் தூதருக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

டோக்கியோ இதனை அவமதிப்பாகக் கொண்டு வாளாவிருக்கவில்லை. மறுமுறை அனுப்ப முடிவு செய்தது. 1910 டிசம்பரில் அரக்காவா நதிக்கரையின் புகழ்பெற்ற மரங்களிலிருந்து ஒட்டுக் குச்சிகள் எடுக்கப்பட்டு, இதற்கென்றே தேர்ந்த அடிச்செடிகளில் கட்டப்பட்டன. ஓராண்டுக்கு மேல் பேணி வளர்த்து, 1912 பிப்ரவரியில் யோக்கஹாமாவில் கப்பலேற்றினர். இம்முறை 12 வகைகளைச் சேர்ந்த 3,020 மரங்கள், நோயற்றவை. மார்ச் 27 அன்று டாஃப்ட் அம்மையாரும் ஜப்பானியத் தூதரின் துணைவியாரும் முதலிரு மரங்களை நட்டனர். 1915-இல் அமெரிக்கா தன் நாட்டுப் பூமரமாகிய டாக்வுட்டைக் கைம்மாறாக அனுப்பியது.

இதன்பின் யாவும் நட்பாகவே நடந்தன என்று எழுத நம் மனம் ஒப்பவில்லை. மரத்தை வரவேற்ற நாடு 1924-இல் சட்டமியற்றி ஜப்பானியர் குடியேறுவதைத் தடுத்தது. 1941 டிசம்பரில் போர் மூண்ட சில நாட்களுக்குள் நதியோரத்து மரங்களில் நான்கை யாரோ வெட்டிச் சாய்த்தனர். மறு ஆண்டு முதல், அமெரிக்காவிலேயே வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தவர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களே.

போர்க்காலத்தில் அரக்காவா கரையின் தாய்மரங்களும் கவனிப்பாரின்றி நலிந்தன. அத்தோப்பை மீட்க ஜப்பான் உதவி கோரியபோது, 1952-இல் வாஷிங்டன் மரங்களிலிருந்து ஒட்டுக் குச்சிகள் வெட்டப்பட்டு டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டன. 1910-இல் நோய் மரங்களையே நட்டிருந்தால் அக்குச்சிகளை வெட்ட அங்கு என்ன எஞ்சியிருக்கும் என்பதை, அடுத்த கொள்முதல் நாளில் நம்மீது வருத்தங்கொள்ளும் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.